அக்காவைத் தொழச் சொன்னேன்

எங்கள் தெருவில் யாருக்காவது பெரிய விஷயத்தில் முடிவெடுக்க முடியவில்லை என்றால் என் அக்காவைத் தேடி வருவார்கள். பெண்ணுக்கு இரண்டு இடம் வந்திருக்கிறது, எதைப் பேசுவது? பையனுக்குத் துபாய் விசாவும் சவூதி விசாவும் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறது, எதற்கு அனுப்புவது? அக்கா ராத்திரி இஷா தொழுகை முடித்து, இஸ்திகாரா என்று தனியாக இரண்டு ரக்அத் தொழுது, 'இதில் நன்மை எதுவோ அதைக் காட்டு அல்லாஹ்' என்று கேட்டுவிட்டுப் படுப்பாள். கனவில் வெள்ளையோ பச்சையோ தெரிந்தால் நல்லது. கறுப்போ சிவப்போ தெரிந்தால் வேண்டாம். அவள் சொன்னது அப்படியே நடந்தது என்று சொல்லிச் சொல்லியே மரக்காணத்தில் பாதிப் பேர் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கு இது அறவே பிடிக்காது. "காரியம் யாருதோ அவங்கதான் தொழணும். வயித்து வலி உனக்கு, மாத்திரை பக்கத்து வூட்டுக்காரிக்கா?" என்று வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு முன் பேசும் பயானிலேயே கேட்டிருக்கிறார். ஜனங்கள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, தொழுகை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். "நாங்கல்லாம் பாவிங்க, எங்க துஆ எங்க ஏறப்போவுது, நீதாம்மா சுத்தமானவ" என்பார்கள். அவர்களைக் கேலி பேசியவர்களில் நானும் ஒருவன். படித்தவன் அல்லவா! அப்புறம் ஒரு நாள் நானே போய் அவளிடம் கேட்டேன். அதுவும் எந்த விஷயத்துக்கு! நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

நான் இங்கிலாந்தில் வடக்கே ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். எங்கள் தெருவுக்கு அது லண்டன். லண்டன் எனக்கே ரயிலில் போக வேண்டிய ஊர் என்று எத்தனை முறை சொன்னாலும் "லண்டன்காரு வந்துட்டாரு" என்றுதான் சொல்வார்கள். முதன்முதலில் விமானம் ஏறியபோது அக்காவிடம் நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். "அஞ்சாறு வருஷம்க்கா. அந்த நாட்டு பாஸ்போர்ட் கையில வந்துட்டா ஊருக்கு வந்துடறேன். திண்டிவனத்துல ஒரு ஸ்கேன் சென்டர் போட்டுக்கறேன், அத்தாவை நான் பாத்துக்கறேன். நீ உன் வாழ்க்கையைப் பாரு." வாய் கூசாமல் சொன்னேன். அப்போது அது பொய்யும் இல்லை.

அத்தா, எங்கள் அப்பா, உப்பளங்களுக்குச் சாக்கு சப்ளை செய்தவர். அம்மா இறந்த மறு வருஷம், நான் விமானம் ஏறுவதற்கு முன்பே, பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் பாதிதான் வரும். அக்கா அதற்கு முன்பே வீடு திரும்பியிருந்தாள். செங்கல்பட்டில் கட்டிக்கொடுத்திருந்தோம். பிள்ளை இல்லை என்று சொல்லியே தினம் தினம் அரித்து, கடைசியில் தலாக் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அத்தா விழுந்த அன்று அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டவள்தான். ஆள் வைத்துப் பார்த்தோம். ஒருவன் குடித்துவிட்டு வந்தான். இன்னொருவன் நல்ல பையன், ஆனால் அத்தா அவனைத் தொடவே விடவில்லை, வந்த மூன்றாம் நாளே தண்ணீர்ச் சொம்பை அவன்மேல் வீசிவிட்டார்.

இந்த நிலையில்தான் கிளியனூர்க்காரர் ஒருவர் அக்காவைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். அங்கே மெயின் ரோட்டில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். அக்காவுக்கும் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அத்தாவையும் கூட்டிக்கொண்டு வரட்டும், வீட்டில் இடம் இருக்கிறது என்றார் அந்த மனுஷன். அத்தா ஒத்துக்கொள்ளவில்லை. மருமகன் வீட்டில் போய்ப் படுத்துக் கிடக்க மாட்டாராம், பாதிப் பேச்சிலேயே அதை முழுசாகச் சொல்லிவிட்டார். அக்கா தரகரிடம், "தம்பி வரட்டும். அவன் வந்து அத்தாவைப் பாத்துக்கறேன்னு சொன்னா எனக்குச் சம்மதம்" என்று பதில் சொல்லி அனுப்பினாள். இதில் புரியாதது ஒன்றும் இல்லை. நான் ஊருக்குத் திரும்பினால் அக்காவுக்குக் கல்யாணம். திரும்பாவிட்டால் இல்லை.

நான் லீவில் வந்தேன். ஜனவரிக் கடைசி. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்று எனக்கு வேலை தருவதாக அனுப்பிய ஈமெயில் என் போனில் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்கும் தெரியாது.

என் மனைவியைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் இருந்த வாடகை வீட்டின் சுவரில் குளிர்காலம் முழுக்கப் பூஞ்சை பூத்துக்கிடக்கும். துடைத்தால் மறுவாரம் அதே இடத்தில் வந்து நிற்கும். மகளுக்கு வீசிங். ராத்திரியெல்லாம் இருமுவாள். பாஸ்போர்ட் கைக்கு வரும் வருஷமும் தள்ளிக்கொண்டே போகிறது, சட்டத்தையே மாற்றப்போகிறார்கள் என்று ஆஸ்பத்திரி கேன்டீனில் தினம் ஒரு பேச்சு. எனக்கு முன்னால் பெர்த்துக்குப் போன மலையாளி நண்பன் வீடியோ காலில் அரைக்கால் சட்டையோடு நின்று வெயிலைக் காட்டுவான். "இன்னும் எவ்வளவு நாள் இங்க கிடந்து நனையறது? போயிடலாங்க" என்பாள் மனைவி. அவள் கேட்டதில் தப்பு இல்லை. ஆனால் பெர்த்துக்குப் போனால் எல்லாம் முதலிலிருந்து. புது விசா, புது வருஷக் கணக்கு, மகளுக்குப் புதுப் பள்ளிக்கூடம். அப்புறம் ஊர் திரும்புவது என்பது பேச்சோடு சரி. இது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அக்காவிடம் சொல்லப் போனபோது அவள் சமையல்கட்டில் அத்தாவுக்கான சோற்றை மிக்ஸியில் அடித்துக்கொண்டிருந்தாள். நான் மிக்ஸி ஓடும்போதே சொல்ல ஆரம்பித்தேன். எவ்வளவு பெரிய தைரியசாலி பாருங்கள்! காதில் விழாமல் போனாலும் சொல்லிவிட்டதாக ஆகிவிடும் என்று நினைத்தேன் போல. அவள் மிக்ஸியை நிறுத்தினாள்.

"இன்னா சொன்ன? திரும்பச் சொல்லு."

சொன்னேன். பூஞ்சையைச் சொன்னேன். சட்டத்தைச் சொன்னேன். மகளின் இருமலையும் விடவில்லை, அதையும் சாட்சிக்கு இழுத்தேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே கஞ்சியை வடிகட்டினாள்.

"பெர்த்துன்னா எங்கடா இருக்குது அது?"

போனில் மேப்பைத் திறந்து காட்டினேன். மரக்காணத்திலிருந்து இங்கிலாந்துக்கு ஒரு விரல், பெர்த்துக்கு ஒரு விரல். "பாருக்கா, லண்டனை விட இது கிட்டம். ப்ளைட்டுல ஏறினா சிங்கப்பூர், அங்கேர்ந்து நேரா சென்னை" என்றேன். ஏதோ அவளுக்காகத்தான் ஆஸ்திரேலியாவைத் தேர்ந்தெடுத்ததுபோல் இருந்தது என் பேச்சு.

"அப்படின்னா வாரா வாரம் வந்துடுவன்னு சொல்லு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிளியனூர் விஷயத்தை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவே அது நின்றுகொண்டுதான் இருந்தது. நான் அதைச் சுற்றிக்கொண்டு போனேன்.

"எனக்கு ஒண்ணும் ஓடலக்கா. நீயே இஸ்திகாரா பாத்துச் சொல்லிடேன். நீ என்ன சொல்றியோ அது."

"நானா?"

"ஊருக்கெல்லாம் பாக்கற, எனக்குப் பாக்க மாட்டியா?"

என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டிவிடுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, பாக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அத்தாவிடம் போய்விட்டாள். அப்போது எனக்கு வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. பெரிய மூட்டையை இறக்கி வைத்தவன்போல் கொல்லைப்பக்கம் போய் ஒரு மூச்சு விட்டேன். யாருடைய வாழ்க்கை இதில் போகப்போகிறதோ அவள் தலையிலேயே தீர்ப்பையும் கட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. உறைக்கவில்லை என்று சொல்வதும் பொய்யாக இருக்கலாம்.

அன்று சாயந்திரமே கிளியனூர்க்காரர் வந்தார். நான் வந்திருப்பது தெரிந்து வந்திருக்கிறார். டிவிஎஸ் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, "சலாமலைக்கும் தம்பி" என்று செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தார். விரல் இடுக்கில் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. அத்தாவுக்கு வாழைப்பழம் வாங்கி வந்திருந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து நகவெட்டியை எடுத்து, அத்தாவின் விழுந்துபோன வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நகமாக வெட்ட ஆரம்பித்தார். அத்தா பேசாமல் கையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்று காலையில் நான் முகச்சவரம் செய்துவிடப் போனபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்ட அதே அத்தா!

"மாசத்துக்கு ரெண்டு வாட்டி வருவேன் தம்பி. முதல்ல நம்மள அடிச்சாரு. இப்ப பழகிட்டாரு" என்றார். அத்தா ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது, அவரும் சிரித்தார். நான் என் சொந்த வீட்டில் விருந்தாளியாக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா வெளியே வரவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து கை மட்டும் நீண்டது. நான் போய் டீயை வாங்கினேன். "இது அவருக்கு. சக்கரை போடல" என்று மெல்லச் சொன்னாள். அவருக்குச் சுகர் என்று அவளிடம் யார் சொன்னார்களோ! அந்தக் குரலை நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. நிக்காஹ் பேசிய புதிதில், செங்கல்பட்டுக்குப் போவதற்கு முன்னால், அவள் அப்படிப் பேசுவாள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே கொஞ்சம் நின்றேன்.

கிளம்பும்போது அவர் என்னை வாசலுக்குக் கூட்டிப்போனார். "தம்பி, எனக்கு அவசரம் எதுவும் இல்ல. நீங்க இந்த வருஷம் வந்தாலும் சரி, அடுத்த வருஷம் வந்தாலும் சரி. வர்றேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், நான் இருக்கேன்."

"பாக்கலாம்ங்க. அல்லாஹ் நாடணும்" என்றேன். தட்டிக்கழிக்க அந்த வார்த்தையைப் பயன்படுத்தினேன். அவர் உண்மையாகவே நம்பி, "ஆமா ஆமா, இன்ஷா அல்லாஹ்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அக்கா கொல்லையில் அத்தாவின் படுக்கை விரிப்பைப் பிழிந்து உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் போய்க் கொடிக்கு அந்தப் பக்கம் நின்றேன். அவளே சொன்னாள்.

"பாத்தேன்டா. பச்சையா இருந்துச்சு. பெரிய மைதானம் கணக்கா. நீ நிக்கிற, உன் பொண்டாட்டி நிக்கிறா, உன் பொண்ணு ஓடுறா. அவ இருமவே இல்ல. நல்லாத்தான் இருக்குது. போ."

அவள் இருமவில்லை என்றதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நிஜமாவாக்கா?" என்றேன். "பின்ன, பொய்யா சொல்லப்போறேன்?" என்றாள். அந்தக் கனவில் அவள் எங்கே நின்றாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான்.

நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஈசிஆர் ரோட்டுக்கு ஓடினேன். உப்பளத்தில் மழைத்தண்ணீரை இறைத்து முடித்து, பாத்திகளின் சேற்றை வரிசையாக நின்று மிதித்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயே ரோட்டோரத்தில் நின்று, இங்கிலாந்தில் தூங்கிக்கொண்டிருந்த மனைவியைப் போனில் எழுப்பிச் சொன்னேன். அவள் போனில் அழுதாள். வெள்ளிக்கிழமை வரைகூடப் பொறுக்காமல் அங்கிருந்தே பெர்த்துக்குச் சம்மதம் எழுதி அனுப்பிவிட்டேன். ஒரே மூச்சில் கட்டை விரலால் அடித்து முடித்தேன்.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் இன்னும் கேவலம். தெருவெல்லாம் சொன்னேன். பாண்டிச்சேரி போய் ஸ்வீட் வாங்கிவந்து வீடு வீடாகக் கொடுத்தேன். "எனக்கு இஷ்டமே இல்ல, அக்காதான் இஸ்திகாராவுல பாத்துச் சொன்னாங்க, அல்லாஹ் காட்டிட்டான்" என்றேன். "மாஷா அல்லாஹ், உங்க அக்கா சொன்னா அப்பீலே இல்ல" என்றார்கள். எவனும் என்னைக் கேள்வி கேட்க முடியாது. படுக்கையில் கிடக்கும் அப்பாவை விட்டுவிட்டு இன்னும் தூரமாகப் போகிறானே என்று எவனும் நாக்கு மேல் பல்லுப் போட்டுப் பேச முடியாது.

ஹஜ்ரத் மட்டும் ஸ்வீட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "நீங்க தொழுதீங்களா?"

"அக்கா தொழுதாங்க ஹஜ்ரத்."

"ஆஸ்திரேலியாவுக்கு அக்காவா போறாங்க?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் அந்த ஸ்வீட்டை வாயில் போடாமல் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் திரும்பிப் போகும் நாள் வந்தது. ராத்திரி ப்ளைட். காலையில் கிளியனூர்க்காரர் போன் செய்தார். திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து எடுத்தேன்.

"தம்பி, நல்லபடியா போயிட்டு வாங்க. கனவுல நல்லா வந்துச்சாமே, சந்தோஷம். எங்க விஷயத்தை மனசுல வச்சிக்காதீங்க. அவங்க கனவு வந்த அன்னிக்கே ஆள் அனுப்பி வேணாம்னு சொல்லிட்டாங்க. எனக்கு வருத்தம் எதுவும் இல்ல. அத்தாவை மட்டும் வந்து பாத்துட்டுப் போவலாமான்னு அவங்களைக் கேட்டுச் சொல்லுங்க. இனிமே வந்தா நல்லா இருக்காதுன்னா வரல."

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சரிங்க சரிங்க என்று ஏதோ உளறினேன். போனை வைத்துவிட்டு நேராக அக்காவிடம் போனேன். அவள் நான் கொண்டுபோக வேண்டிய இறால் ஊறுகாய் பாட்டிலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டிருந்தாள். வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும், அது என் பிறவிக் குணம்.

"உனக்கு என்னக்கா அவ்வளவு அவசரம்? ஏன் அன்னிக்கே வேணாம்னு சொல்லி அனுப்பின? கொஞ்சம் பொறுத்தா என்ன? ரெண்டு மூணு வருஷத்துல நான் வந்துட மாட்டேனா?"

"வருவியா?"

அவள் பாட்டிலை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"டேய், உங்கிட்ட ஒண்ணு சொல்லிடறேன். அன்னிக்கி நான் தொழவே இல்ல."

"என்னது?"

"இஸ்திகாரா தொழல. கனவும் வரல. கை கால் கழுவி உளு செஞ்சிட்டு முசல்லாப் பாயில நின்னேன். நின்னா, எனக்கு என்ன கேக்கத் தோணுதுன்னு எனக்கே தெரியுதுடா. தம்பி போவக்கூடாதுன்னுதான் நெஞ்சு கேக்குது. அப்படி ஒரு ஆசைய வச்சிக்கிட்டு நல்லதக் காட்டுன்னு அல்லாஹ்கிட்ட நடிக்க முடியுமா? முசல்லாவ மடிச்சி வச்சிட்டுப் படுத்துட்டேன்."

"அப்ப அந்தப் பச்சை…"

"நானாச் சொன்னேன். நீ எங்கிட்ட கேக்க வந்தப்பவே போறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தானே வந்த? உன் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிச்சு. நான் வேணாம்னு சொன்னா நீ போவாம இருப்ப. காலம் பூரா அந்தப் புள்ள இருமறப்பல்லாம் என்னைத்தான் நெனப்ப. அதுக்கு இது தேவலன்னு தோணுச்சு."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல் இருந்தது என்பார்களே, அன்றுதான் அது என்னவென்று தெரிந்தது. பல்லைக் காட்டிக்கொண்டு தெருவெல்லாம் ஸ்வீட் கொடுத்தேனே! 'அல்லாஹ் காட்டிட்டான்' என்றேனே!

"அப்படின்னா நான் போவலக்கா" என்றேன். குரல் எனக்கே நல்லவன் குரலாகக் கேட்டது. "இப்பவே வேணாம்னு பெர்த்துக்கு எழுதிடறேன். இன்னும் கையெழுத்து எதுவும் போடல. கிளியனூர்க்காரர்கிட்டயும் நானே பேசறேன்."

வேண்டாம்டா, அப்படியெல்லாம் செய்யாதே, நீ போ என்று அவள் சொல்வாள். எனக்குத் தெரியும். அதற்காகத்தான் அப்படிச் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள்.

"சரி, எழுது" என்றாள்.

நான் போனை எடுத்தேன். ஈமெயிலைத் திறந்தேன். அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கோபம் இல்லை, கேலி இல்லை, நிஜமாகவே காத்துக்கொண்டிருந்தாள். உள்ளே அத்தா ஒரு முறை கூப்பிட்டார். அவள் போகவில்லை. அத்தா கூப்பிட்டு அவள் போகாமல் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். என் கண் எழுத்துகளின் மேல் இருந்தது. விரல் நகரவில்லை. தலையை நிமிர்த்தி அவளைப் பார்க்கவும் முடியவில்லை.

அத்தா இரண்டாம் முறை கூப்பிட்டார்.

"சரி விடு" என்றாள் அக்கா. "சோறு ஆறுது. வந்து சாப்புடு."

போனேன். உட்கார்ந்தேன். நண்டுக் குழம்பு வைத்திருந்தாள், எனக்குப் பிடிக்கும் என்று. அவள் பரிமாறிவிட்டு அத்தாவிடம் போனாள். நான் சாப்பிட்டேன். வெட்கங்கெட்டவன், இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொல்லி அவளைக் கூப்பிட்டு, வாங்கி, வழித்துச் சாப்பிட்டேன்.